எத்தினை மணித்தியாலம்?

"எத்தினை மணித்தியாலம் தம்பி?"

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்தில் பெட்டியைக் காலோடு அணைத்தபடி அக்கா கேட்டார். ரயிலைக் கேட்கிறாரா விமானத்தைக் கேட்கிறாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். இங்கே ஏறினால் வண்டி மாறாமல் ஒரு மணி நேரத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்.

நேர்கோட்டில் அந்த வான்தூரம் 355 கிலோமீட்டர்தான். விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். கணக்குப்படி முக்கால் மணியே போதும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வளைந்து வருவது எல்லாம் சேர்த்துத்தான் டிக்கெட்டில் நேரம் போடுகிறார்கள். மீனம்பாக்கமும் பலாலியும் 80 பாகை தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கின்றன. தெற்கே கோடு இழுத்தால் மாமல்லபுரம் தாண்டியதும் கடல், கோடியக்கரை வலப்பக்கம் ஒதுங்கும், அப்புறம் யாழ்ப்பாணம்.

அக்கா இந்தியாவுக்கு வந்தது அந்த வழியில் இல்லை. 1990இல் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தார். தனுஷ்கோடிக்கு அங்கிருந்து 30 கிலோமீட்டர்தான். பொழுதுபட்டு ஏறியவர்களை விடியும் நேரத்தில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டார்களாம். அன்று மடியில் கட்டி வந்த பிறப்புச் சான்றிதழ் இன்னமும் அவரிடம் இருக்கிறது. மடிப்பு மடிப்பாக உப்பில் பழுப்பேறி, பெயரின் கடைசி எழுத்து அழிந்துபோய்விட்டது. அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை மேசை முன்னால் நின்றார் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போகும் அனுமதி கைக்கு வரவே மாதக்கணக்கானது.

இந்த வான்வழி புதிதும் இல்லை. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து பலாலி வந்து மெட்ராஸுக்குத்தான் பறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து படம் பார்க்க மெட்ராஸ் போய்வந்தவர்களின் கதையை அக்காவின் ஐயா சொல்வாராம். பிறகு போர். சென்னையிலிருந்து போகிறவர்கள் கொழும்பில் இறங்கி, அப்புறம் ஒரு முழுப்பகலோ இரவோ பஸ்ஸில் வடக்கே ஏறினார்கள். 2019இல் பலாலி திறந்தது, கொரோனாவில் மூடியது, 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. ஒன்றேகால் மணி நேரத் தூரத்தை இத்தனை வருஷம் மூடி வைத்திருந்தார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ரயில் வண்ணாரப்பேட்டை தாண்டிச் சுரங்கத்தில் போனபோது அக்கா கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டிருந்தார். விமான நிலைய வாசலில், "வாறன் தம்பி" என்றார். போகிறேன் என்று சொல்லவில்லை.

மத்தியானம் போன் வந்தது.

"இறங்கிட்டன். மணிக்கூட்டைத் திருப்பி வைக்கோணுமோ எண்டு பக்கத்துச் சீட்டுப் பிள்ளையைக் கேட்டன். தேவையில்லையாம் தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே நேரந்தானாம்."