எதில் சிக்கனம், எதில் தாராளம்

மார்கழி பிறந்தால் மாதேஸ்வரன் மலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இரண்டு கவலைகள் ஒன்றாக வந்து சேரும். பொங்கலுக்கு முன் வீட்டை ஒழித்துக் கழுவி வெள்ளையடிக்க வேண்டும். குளிரிலிருந்து குழந்தைகளையும் வயதானவர்களையும் காக்க வேண்டும். முதல் வேலைக்குக் காற்றும் வெயிலும் உள்ளே வர வேண்டும். இரண்டாவதை நினைத்தாலோ, இருக்கிற கதவு சன்னலையெல்லாம் சாத்தத் தோன்றும். ஆபத்து பெரும்பாலும் இந்த இழுபறியில்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் போய்ப் பாலாற்றைத் தாண்டினால் கர்நாடகம். 1956 நவம்பர் வரை இந்த மலைப் பகுதி அடங்கிய கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்தில் சேர்ந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. கோபிநத்தம் போன்ற ஊர்களில் இன்றைக்கும் வீட்டுப் பேச்சு தமிழ்தான். என் அத்தை வாழ்க்கைப்பட்டதும் அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில்தான். காசை எண்ணிச் செலவழிக்கிற குடும்பம். ஆனாலும் அந்த வீட்டுத் தரையில் இலை போடாமலே சோறு வைத்துச் சாப்பிடலாம்.

சுத்தம் செய்வதற்கென்று அத்தை கடையில் வாங்குவது சுண்ணாம்பும் சோடா உப்பும்தான். மற்றதெல்லாம் மலையும் அடுப்பும் தருபவை. சோளகர் பழங்குடியினர் காட்டில் பொறுக்கி வரும் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் இங்கே மலிவு. பூந்திக்கொட்டையின் விதையை எடுத்துவிட்டுத் தோலை இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டுக் கையால் பிசைவார். தேன் நிறத் தண்ணீரில் நுரை பொங்கி வரும். வடிகட்டினால் துணிக்கும் தரைக்கும் பாத்திரத்துக்கும் அதுவே சோப்பு. இரண்டொரு நாளில் புளித்துவிடும் என்பதால் தேவைக்கு மட்டும் காய்ச்ச வேண்டும். கண்ணில் பட்டால் எரியும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலித்த சாம்பல். அதிலுள்ள காரம் கொழுப்பை இளக்கிவிடும். பித்தளைக்குப் புளி.

சுண்ணாம்பு விஷயத்தில் மட்டும் அத்தை யாரையும் கிட்டே விடமாட்டார். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டதும் அடுப்பில்லாமலே கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டைத் தாங்காது. முற்றத்தில் பழைய இரும்புத் தொட்டியில், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் நீற்றுவார். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சுவரில் ஏறிய பிறகு அதே சுண்ணாம்பு பூஞ்சணத்தை அண்டவிடாது. பனிக்காலத்தில் ஈரம் கோத்த சுவருக்கு இவ்வளவு குறைந்த செலவில் வேறு நல்ல பூச்சு இல்லை.

நகரத்தில் இருக்கும் நாம் இந்த வேலைகளைப் புட்டிகளிடம் ஒப்படைத்துவிட்டோம். கறை சீக்கிரம் போகட்டும் என்று கழிப்பறையில் ஆசிட்டை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்முனையில் படைவீரர்களின் நுரையீரலைப் பொசுக்கிய அதே வாயு. குளிருக்குச் சன்னலை அடைத்த சின்னக் குளியலறையில் அது போக வழியில்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்தது.

அதைவிடக் கொடியது தணல். ஒரு மார்கழியில் பேரனுக்குச் சளி பிடித்திருந்தது. தணல் சட்டியை அறைக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். அத்தை வாசலிலேயே மறித்துக்கொண்டார்: "கொழந்தைக்குச் சூடு வேணுந்தான் கண்ணு. அதுக்காகத் தணல உள்ள வெச்சுட்டுக் கதவச் சாத்துவாங்களா? திண்ணையில காய்ஞ்சுட்டு, அணைச்சுட்டு வந்து படுங்க." அத்தை சொன்னது உயிர் காக்கும் சொல். காற்று போதாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று அசதியைப் போலவே தொடங்குவதால், படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போகலாம். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளிலும் கூடாரங்களிலும் கரியடுப்பை உள்ளே வைத்துத் தூங்கி இறந்தவர்களின் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. காற்றுப்போக்கில்லாத குளியலறையில் மாட்டிய கேஸ் கீசரும் இதையேதான் செய்யும்.

வெந்நீருக்கு வாளியில் போடும் மின்கம்பியும் குளிர்காலத்து எமன்தான். 1500 வாட் கம்பி ஆறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக் பாயிண்டில் செருகக் கூடாது. எர்த் உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும். சமையல் எரிவாயுவிலும் எச்சரிக்கை வேண்டும்; அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாகிறது. சுத்தம் செய்யும் பொருளில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம்; பூந்திக்கொட்டையும் சாம்பலும் சுண்ணாம்பும் எந்தப் புட்டிக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் காற்றிலும் கம்பியிலும் கேஸ் குழாயிலும் சிக்கனம் பார்ப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். எளிய குடும்பங்கள் சோப்புக்கும் வாசனைத் திரவத்துக்கும் மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலே, தேய்ந்த பிளக்கையும் பழைய குழாயையும் மாற்றிவிடலாம்.

இந்தப் போகிக்கு ஒட்டடை அடிக்கும்போதே கேஸ் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். ஐந்து ஆண்டு கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். விறகை உள்ளே எடுக்குமுன் தேள் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். எவ்வளவு குளிர் அடித்தாலும் தணலை வாசலுக்கு வெளியே வையுங்கள். போர்வை ஒன்று கூடுதலாகப் போர்த்திக்கொள்ளலாம். சன்னலை மட்டும் முழுக்க அடைத்துவிடாதீர்கள்.