கறுப்பு நாய்க்குக் கறுப்பு வேண்டாம்

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிக் கொட்டகைதான் ஓவியர் சாரின் பட்டறை. பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது திருச்சி வட்டாரத்தில் நாய், பூனை, காளை வளர்ப்பவர்கள் கேட்கும் முகங்களைத் தீட்டித் தருகிறார். மிச்ச நேரத்தில் தனக்காகப் பாதி அரூபமான ஓவியங்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்கிறார்.

நான் போனபோது தாங்கியில் இருந்தது ஒரு கறுப்பு நாட்டு நாய். தட்டில் கறுப்பே இல்லை. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் பழுப்பையும் குழைத்து இருட்டை உண்டாக்கினார். நீலம் தூக்கலாக இருந்தால் முதுகில் வெளிச்சம் வழுக்கும் இடம்; பழுப்பு தூக்கலானால் விலாவின் நிழல். “டியூப் கறுப்பைப் பூசினா நாய் இருக்கிற இடத்தில ஓட்டைதான் தெரியும், தம்பி.” திருச்சி வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே தோல் கட்டிவிடுகிறது. அதனால் இடக்கையில் எப்போதும் தண்ணீர் தெளிப்பான்.

வேலை வாட்ஸ்ஆப்பில் வருகிறது. நாயின் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படமெடுத்து அனுப்புகிறார்கள். மூக்கு பெருத்துக் காது சிறுத்துப்போகிறது. அதைப் பார்த்து வரைந்தால் வளர்த்தவருக்கே அடையாளம் தெரியாது. நாலடி தள்ளி, நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுத்த படம் கேட்கிறார். கூடவே ஒரு விசாரணை: எப்படி உட்காரும், கூப்பிட்டால் எந்தக் காதை முதலில் தூக்கும்?

காளைக்காரர்கள்தான் கறார். பெரிய சூரியூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர், தன் காரியின் படத்தில் திமிலை ஒப்புக்கொண்டார், கொம்பின் வளைவை ஒப்புக்கொண்டார். சுழி மட்டும் ஒரு விரற்கடை தள்ளியிருந்தது. “இது என் மாடு இல்லீங்க” என்றாராம். பின்னணியில் வாடிவாசலும் கிடையாது, கூட்டமும் கிடையாது. செம்மண் நிறத்தில் நாலு கத்தி இழுப்புகள்தான். அதைப் பற்றிக் காளைக்காரர் வாயே திறக்கவில்லை. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துவிட்டால் மிச்சத்தைக் கரைத்துவிடலாம் என்று சார் கண்டுகொண்டது இந்த மாதிரி ஆட்களிடம்தான்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் சேஷராயர் மண்டபத்துக்கும் கூட்டிப்போனார். விஜயநகர காலத்துத் தூண்களில் பின்னங்கால் ஊன்றி எழும்பும் குதிரைகள். கடிவாளம், சேணவார், மணி எல்லாம் அச்சு அசல். உடம்போ எந்த லாயத்திலும் பார்க்க முடியாதது. வந்தவர்கள் வேல் பாய்ச்சும் வீரனைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். சார் குதிரை வயிற்றுக்கும் தூணுக்கும் நடுவில் தெரிந்த வெற்றிடத்தை நோட்டில் வரைந்தார். அந்த வெற்றிடம்தான் பிறகு அவர் கித்தானில் நிறமாக வருகிறது.

திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் 1938இல் பிறந்த ஓவியர் கே.எம். ஆதிமூலத்தின் பேச்சு வந்தது. காந்தியைக் கோடுகளில் அத்தனை விதமாகப் பிடித்த கை, பிற்காலத்தில் உருவத்தையே விட்டு வண்ணப் பரப்புக்குள் போய்விட்டது. “அவ்வளவு தூரம் எனக்குத் தைரியம் இல்லை” என்று சிரித்தார். ஓவியர் ஆர்.பி. பாஸ்கரனின் பூனைகள்தான் சாருக்கு நெருக்கம்.

எல்லாப் படமும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல முடியாது. தங்க நிறம் தடவிய நந்திகள் சில, ஓட்டல் வரவேற்பறைக்கென்றே செய்தவை. அவையே சீக்கிரம் விலைபோகின்றன. காளை முகங்களுக்கும் கூலி ஒழுங்காக வருகிறது. விற்காமல் சுவரில் சாய்ந்திருப்பவைதான் நல்லவை.

அதில் ஒன்று, திருவானைக்காக் கோயில் கதையில் வரும் யானையும் சிலந்தியும். யானை கித்தானின் ஓரத்தில் சாம்பல் நிறத் திரளாக வெட்டுப்பட்டு நிற்கிறது. காது மடலின் இளஞ்சிவப்புப் புள்ளிகள் மட்டும் துல்லியம். சிலந்தி, மயிரிழைக் கோடுகள். எண்ணிப் பார்த்தேன், எட்டுக் காலும் இருந்தன. யானைக்கு ஒன்றுதான்.

“யானையை ஒரு கால்லயே நம்பிடுவாங்க” என்றார். “சிலந்திக்கு ஒண்ணு குறைஞ்சாலும் எறும்புன்னுடுவாங்க.”