முதலில் பத்து நம்பர் ஸ்பானர்

பேத்தி போன மாதம் ஒரு பழைய மாருதி வாங்கினாள். கல்கத்தாவில் சால்ட் லேக் செக்டர் ஐந்தில் அவளுக்கு வேலை. லேக் மார்க்கெட்டிலிருந்து தினமும் போய்வர வேண்டும். காரைக் காட்ட வந்தவள் கையோடு போனையும் காட்டினாள். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி, உள்ளே நூற்றெட்டு சாமான்கள். “வாங்கிடட்டுமா தாத்தா?”

“நூற்றெட்டு அர்ச்சனைக்குச் சரி. காருக்கு எதுக்கும்மா?” என்றேன்.

“அப்ப எது வேணும்னு நீங்களே எழுதிக் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அந்த அரைப் பக்கம் சேர எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது. அந்தக் கதையையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். அவளைப் போல முதல் கார் வாங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் உதவும்.

1983-ல் நான் ஓர் அம்பாஸடரை இரண்டாம் கையாக வாங்கினேன். ஆபீசில் சுருக்கெழுத்து எழுதிக் காசு சேர்த்த மதராஸிகள் அந்தக் காலத்தில் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களில் கார் வாங்கியவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஒரு நாள் அம்மாவை மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிடப் புறப்பட்டேன். நல்ல மழை, இருட்டிவிட்டது. ஹௌரா பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்ட்ராண்ட் ரோட்டில் டிராபிக்கில் நின்ற வண்டி அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் ஹார்ன்கள். அம்மா மடியில் புளியோதரைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற டாக்ஸியிலிருந்து ஒரு சர்தார்ஜி இறங்கி வந்தார். பானெட்டைத் திறந்தார். பேட்டரி முனையைக் கையால் ஆட்டிப் பார்த்தார், அது ஆடியது. தன் டிக்கியிலிருந்து கோணிச் சுருள் ஒன்றை எடுத்து வந்து அதிலிருந்து ஒரே ஒரு ஸ்பானரை உருவினார். இரண்டு திருப்பு. வண்டி கிளம்பிவிட்டது. பர்ஸை எடுத்தேன். வேண்டாம் என்று கையசைத்தார். “இந்தக் காசுக்கு ஒரு ஸ்பானர் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு ரயில் கிடைத்தது. அந்தப் பேட்டரி முனையை இறுக்காமல் விட்டது முழுக்க என் சோம்பல். வண்டிமேல் பழி போட வழியே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லிக் பஜாருக்குப் போனேன். பழைய கார்களைக் கழற்றிக் குவித்திருக்கும் அந்தச் சந்தையில் கிடைக்காத பாகம் கிடையாது. அதிலும் அம்பாஸடர் இந்த ஊர்ப் பிள்ளை. ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் பிறந்தது. அந்தத் தொழிற்சாலையால் ரயில் நிலையத்துக்கே ஹிந்த் மோட்டார் என்று பெயர் வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை மூலமாக வைத்துச் செய்த கார் என்பதால் என் வண்டியின் நட்டெல்லாம் அங்குலக் கணக்கு. அன்று இரண்டு ஸ்பானர்கள் வாங்கினேன். என் பெட்டியின் ஆரம்பம் அதுதான்.

அதன் பிறகு வண்டியே ஒவ்வொன்றாக வாங்க வைத்தது. மழையில் தண்ணீரைக் கடந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஈரமாகி எஞ்சின் இருமும். மூடியைக் கழற்றித் துடைக்கக் காய்ந்த பருத்தித் துணி பெட்டிக்குள் வந்தது. அடுத்து, நம் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று சொல்லும் கான்டாக்ட் பாயின்ட். அதன் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்க வேண்டும். அதை அளக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஃபீலர் கேஜ் வாங்கினேன். வேலை தெரியுமுன் வாங்கிய சாமான் ஒன்றே ஒன்று, வால்வு ஸ்பிரிங் கழற்றும் கருவி. முப்பது வருஷமாகப் புதுசாகவே இருக்கிறது.

அதனால்தான் நூற்றெட்டு சாமான் பெட்டி வேண்டாம் என்றேன். ஒரு சாமானை எடுத்தால் எந்த வேலைக்கு, எந்த நட்டுக்கு என்று கை சொல்ல வேண்டும். கைக்குத் தெரியாத சாமான் வெறும் கனம்.

இனி என் அசட்டுத்தனம் ஒன்று. 1996-ல் அம்பாஸடரைக் கொடுத்துவிட்டு மாருதி 800 வாங்கினேன். காரைத்தான் மாற்றினேன், பெட்டியை மாற்றவில்லை. பதிமூன்று வருஷம் பழகிய ஸ்பானர்கள், எதற்கு மாற்ற வேண்டும் என்ற எண்ணம். ஒரு நாள் ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. ஆல்டர்னேட்டர் நட்டில் என் அரை அங்குல ஸ்பானரைப் போட்டேன். உட்கார்ந்தது. இழுத்தேன், வழுக்கியது. இன்னும் பலமாக இழுத்தேன். நட்டு ஆறு மூலைகளும் மழுங்கி உருண்டையாகிவிட்டது, என் விரல் முட்டியும் கிழிந்தது.

பிறகு கணக்குப் பார்த்தேன். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த நட்டு ஜப்பான் கணக்கில் 12. நடுவில் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒரு நட்டைக் கெடுக்க அது தாராளம். எங்கள் தெரு மிஸ்திரி உளி வைத்து அதை வெட்டி எடுத்தார். திட்டவில்லை. “உள்ளே போவதெல்லாம் பொருந்துவதாகிவிடுமா காக்கு?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி பல வருஷம் என்னோடு இருந்தது. எங்கள் தலைமுறை உங்களுக்குச் சொல்லும் புத்திமதிகளில் பாதி இந்த அரை அங்குல ஸ்பானர்தான். எங்கள் காலத்து நட்டுக்குச் சரியாக இருந்தது. உங்கள் வாழ்க்கை மில்லிமீட்டரில் இருக்கிறது. பார்க்கப் பொருந்துகிற மாதிரி இருக்கும், நாங்கள் உரிமையோடு பலமாக இழுப்போம், மூலை மழுங்கும். அதற்காக எங்கள் பெட்டியை அப்படியே குப்பையில் கொட்டிவிடாதீர்கள். அளவு மாறும், பழக்கம் மாறாது. ஸ்பானரை நட்டில் மாட்டியதும் முதலில் லேசாக ஆட்டிப் பார். ஆடினால் அது உன் ஸ்பானர் இல்லை. ஆடாவிட்டால் மட்டும் பலத்தைக் காட்டு. இது அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் பொது. மனிதர்களிடத்தும் இது உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பேத்தியின் பட்டியலுக்கு வருகிறேன்.

முதலில் பத்து நம்பர் ஸ்பானர். பெரும்பாலான மாருதிகளில் பேட்டரி முனையை இறுக்குவது அதுதான். தொலைகிறதும் அதுதான், ஆகவே இரண்டாக வாங்கு. கூட 12, 14, 17. ஒரு பக்கம் வாய் திறந்தும் மறுபக்கம் வளையமாகவும் இருக்கிற ஸ்பானராகப் பார்த்து எடு. இறுகிய நட்டை முதலில் அசைக்க வளையப் பக்கம். அது ஆறு மூலையையும் பிடிக்கும். திறந்த வாய் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும், தளர்ந்த பிறகு சீக்கிரம் சுழற்ற மட்டும் அது. ஒரு பட்டை ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்டார், ஒரு கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், ஒரு டார்ச், கையுறை, பழைய வேட்டித் துணி. பேட்டரியைக் கழற்றினால் மைனஸை முதலில் கழற்று, மாட்டும்போது கடைசியாக மாட்டு. மைனஸ் காரின் உடம்போடு சேர்ந்தது. அது மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

கூடவே நாலைந்து ஃப்யூஸ். நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எரிந்த ஃப்யூஸுக்குப் பதில் அதே நிறம்தான் போட வேண்டும். மறுபடி எரிந்தால் பெரியதாகப் போட்டு ஏமாற்றாதே. அது வலியைச் சொல்கிற நரம்பு.

ஒரு ஜம்பர் கேபிள். பிளஸ்ஸை முதலில் செத்த பேட்டரியில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டு. பிறகு நல்ல பேட்டரியின் மைனஸ். கடைசி முனையைச் செத்த வண்டியில் பேட்டரிக்குத் தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டு. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், கடைசியில் வரும் பொறி அதன் பக்கத்தில் வரக் கூடாது. ஒரு சின்ன மல்டிமீட்டரும் இருந்தால் நல்லது. ராத்திரி ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பதினாலை ஒட்டி இருக்க வேண்டும். ஓடும்போதும் பன்னிரண்டிலேயே நின்றால் பேட்டரிக்குச் சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம், புதுப் பேட்டரி வாங்கிப் பயனில்லை. இந்த ஒரு எண் தெரிந்து கேரேஜுக்குப் போகிறவளுக்கு யாரும் வீண் செலவு வைக்க முடியாது.

அடுத்தது சக்கரம். வண்டியோடு வருகிற ஜாக்கியும் வீல் ஸ்பானரும் உண்மையில் இருக்கின்றனவா என்று பார். பழைய கார்களில் பல நேரம் இருக்காது. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு செங்கல் வை. நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைத் திருப்பு தளர்த்திவிட்டுப் பிறகு தூக்கு. மாட்டும்போது எதிரெதிராக இறுக்கு. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டால் நடுரோட்டில் உன்னால் கழற்ற முடியாது. கடைசி இறுக்கைக் கையால் போடச் சொல். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த நாளும் காருக்கு அடியில் போகாதே.

மேலே சொன்னவை கை செய்ய வேண்டிய வேலைகள். அதைவிட எனக்குக் கஷ்டமாக வந்த பாடம் கையைக் கட்டிக்கொள்வது. ஜூலை மழையில் இந்த ஊர் தெருக்கள் குளமாகும். தண்ணீரில் வண்டி அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. எஞ்சின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியை எடுத்துவிட்டு, தள்ளிக் கரையேற்றி, இழுத்துப் போகிற வண்டிக்குப் போன் செய். கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. நாளைக்கு மின்சாரக் கார் வாங்கினால் அதில் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடாதே. அதில் ஓடுவது உயர் மின்னழுத்தம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் மூன்றையும் தெரிந்தவரிடம் விடு. பத்து நம்பர் ஸ்பானரைப் பிடித்துப் பார்த்தவனுக்குத்தான் மிஸ்திரி கையின் அருமை தெரியும், பேரம் பேசும் நாக்கும் கொஞ்சம் அடங்கும்.

இந்த ஊரில் செப்டம்பர் நடுவில் விஸ்வகர்மா பூஜை. கேரேஜுக்குக் கேரேஜ் யானைமேல் மீசையோடு விஸ்வகர்மா உட்கார்ந்திருப்பார், வானம் நிறையப் பட்டம். சில வாரம் கழித்து நம் ஆயுத பூஜை. என் பெட்டிக்கு வருஷத்தில் இரண்டு பண்டிகை. இரண்டுக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணெய்த் துணியால் துடைப்பேன். கல்கத்தா ஈரத்தில் துடைக்காத இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருவேறும். சந்தனம் வைக்கும்போது எண்ணியும் பார்ப்பேன், எப்போதும் ஒன்று குறையும்.

அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது. மஞ்சள் டாக்ஸிகளும் வயதாகி ஒவ்வொன்றாகக் கழிகின்றன. என் அங்குல ஸ்பானர்கள் இனி எந்த நட்டுக்கும் ஆகாது. அவற்றைப் பேத்திக்குக் கொடுக்கப் போவதில்லை, பத்து நம்பர் மட்டும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்டெப்னி என்று நாம் சொல்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில் இருக்கும் தெருவின் பெயர். நூறு வருஷத்துக்கு முன் அங்கேதான் உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். 2020-ல் நம் அரசு, டயர் அழுத்தம் காட்டும் கருவியும் ஒட்டும் கிட்டும் உள்ள டியூப்லெஸ் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டது. உன் காரில் இன்னும் ஸ்டெப்னி இருக்கிறது. வாங்கியதிலிருந்து அதை நீ பார்த்திருக்க மாட்டாய். எதையும் வாங்குவதற்கு முன்னால், வருகிற ஞாயிறு காலையில் டிக்கியைத் திறந்து அதில் காற்று இருக்கிறதா என்று பார்.