மெருகு

சேலத்தினின்றும் நாமக்கல்லுக்குச் செல்லும் பெருவழியில் ஒருமுறையேனும் சென்றோர், அந்நிலம் வண்டிகளால் வாழும் நிலம் என்பதை எளிதில் உணர்வர். 1997-ல் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கிய நாமக்கல்லில், வெறுஞ் சட்டமாக வந்து சேரும் லாரிகள் மரமும் இரும்பும் பெற்று, வண்ணமும் எழுத்தும் பூண்டு நெடுவழி புறப்படுகின்றன. திருச்செங்கோட்டிலோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் மிகுதி. இத்தகைய நாட்டில் வளர்ந்த எமக்கு, பட்டி பார்த்தல், டிங்கரிங், பெயிண்டிங் என்னும் சொற்கள், எழுவாய் பயனிலை என்பவற்றிற்கு முன்னரே செவியேறியவை. ஆயினும், ஒரு காரின் வண்ணத்தைத் தேய்த்து மெருகேற்றும் தொழிலைக் கையாற் செய்து அறியும் வாய்ப்பு, சென்ற கோடை விடுமுறையிலேதான் எமக்குக் கிட்டியது. அதனைக் குறித்துச் சில கூற விழைகின்றோம்.

எம் தந்தையார் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓட்டி வந்த கருநீலக் காரை விற்கவேண்டிய நிலை நேர்ந்தது. எம் தமக்கையார் செவிலியர் கல்லூரியிற் சேர்தற்குரிய கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் செலுத்தல் வேண்டும். பார்க்க வந்த தரகர் எஞ்சினிற் குறை காணவில்லை. மேனி மங்கிற்று என்று கூறி விலையைப் பெரிதும் தாழ்த்தினார். பட்டறையிற் புதுவண்ணம் பூசுவித்தாலோ, கூடுதலாய் வருந்தொகை அதற்கே சரியாகிவிடும். ஆதலின் வீட்டிலேயே மெருகேற்றுவதெனத் தந்தையாரும் தம்பியும் யாமும் துணிந்தோம்.

மேனி மங்கியதற்குக் காரணம் தொலைவில் இல்லை. எம் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிக்கது. அந்நீராற் கழுவி வெயிலில் உலரவிட்டமையால், துளிதோறும் ஒரு வெண்வட்டம் படிந்து நின்றது. புழுதியோடு துணி கொண்டு துடைத்த நாள்களெல்லாம் நுண்ணிய கீறல்களாய் எஞ்சின.

நிற்க. இக்காலத்துக் காரின் வண்ணம் ஒரே படலமன்று. தகட்டின்மேல் துருத்தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், யாவற்றிற்கும் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற படலம் என்று அடுக்கடுக்காய் அமைந்தது. ஞாயிற்றின் புறவூதாக் கதிரைத் தாங்கி நிறத்தைக் காப்பது இம்மேற்படலமே. அதன் கனம் பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான். அஃதாவது, ஒரு தலைமயிரின் பருமனினும் குறைவு. மெருகேற்றல் என்பது இதனிற் சிறிதைத் தேய்த்து நீக்குதலேயன்றி வேறன்று. நீக்கியதை மீண்டும் வைத்தல் இயலாது. ஆகவே, கூரையும் முன்மூடியும் மட்டுமே தாளால் தேய்க்கத்தக்கன என்றும், ஏனைய பகுதிகட்குப் பசையே போதும் என்றும் முடிவு செய்தோம்.

தேய்ப்பதற்குரிய தாளைப் பட்டறையினர் வாட்டர் பேப்பர் என்பர். அதன்மேல் ஒட்டிய மணிகள் சிலிக்கன் கார்பைடு என்னும் பொருள். அமெரிக்கராகிய ஆச்சிசன் 1891-ல் மின்னுலையில் அதனை ஆக்கினார். நீரில் நனைத்தும் தேய்க்கத்தகும் தாளை 1921-ல் 3எம் நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். தொழிலாளர் நுரையீரலிற் புகுந்து கேடு செய்த தூசி, நீரோடு வழிந்தோடும் வகை அதனாற் பிறந்தது. 1500, 2000, 3000 என எண் கூடுந்தோறும் தாளின் மணி சிறுக்கும்.

வெயிலிற் சுடும் தகட்டின்மேல் இவ்வேலை ஆகாது. எனவே ஓட்டுக் கொட்டகையில் வண்டியை நிறுத்தினோம். படலம் மெலிந்த விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டினோம். ஊறிய தாளை ரப்பர்க் கட்டையிற் சுற்றி, சோப்பு நீர் தெளித்து, அழுத்தாது நேர்நேராகத் தேய்த்தோம். வழியும் நீர் பால்போல் வெளுத்திருப்பின் மேற்படலமே தேய்கின்றது என்பது பொருள்; நீலம் கலந்து வரின் நிறத்தையே தொட்டுவிட்டோம் என்று அறிந்து, அக்கணமே நிறுத்தல் வேண்டும். தம்பி அந்நீரையே நோக்கியவண்ணம் இருந்தான்.

முதல்நாள் மாலை, இருந்த பளபளப்பும் முற்றிலும் ஒழிந்து, சாம்பல் பூத்தாற்போன்று கார் நின்றது. அன்னையார், “இருந்ததும் போயிற்றே!” என்று வருந்தினார். ஆனால் அம்மங்கலே மெருகின் வாயில். பெருங்கீறல்களைச் சிறுகீறல்களாக்கி, அவற்றைப் பசையால் இன்னும் நுண்ணியனவாக்க, ஒளி சிதறாது ஒருமுகமாய்த் திரும்புகின்றது. மெருகாவது கீறலின்மை அன்று. கண்ணுக்கெட்டாத அளவிற்குக் கீறல் நுணுகிய நிலையேயாம். இதனை அறிந்தபோது யாம் பெரிதும் வியந்தோம்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் காம்பவுண்டு என்னும் பருபசையும், பின்னர்ப் பாலிஷ் என்னும் நுண்பசையும் இட்டு, வாடகைக்குக் கொணர்ந்த பஃபிங் மெஷினால் தேய்த்தோம். ஓரிடத்திலேயே நிறுத்தினால் வெப்பமேறி வண்ணம் கருகும். ஆதலின் கை ஓயாது நகர்தல் வேண்டும். இறுதியாகக் கழுவுதற்கு, அன்னையார் தாம் சேமித்த காவிரிக் குடிநீரில் நான்கு குடம் ஈந்தார். குழாயில் அந்நீர் நாள்தோறும் வாராத எம் ஊரில் அஃது எளிய கொடையன்று.

இடக்கதவில் ஒரு நெடுங்கீறல் மட்டும் எஞ்சிற்று. நகத்தால் தடவினால் நகம் தட்டும் ஆழமுடையது அது. இன்னும் தேய்ப்போம் என்றான் தம்பி. “போதும் தம்பி, இதற்குமேல் தேய்த்தால் கீறலும் போகும், கதவைக் காக்கும் படலமும் போகும்” என்று தந்தையார் தடுத்தார். மறுநாள் வந்த தரகர், “நிறமெழுகு பூசிவிடுங்கள் ஐயா, இரண்டு மழை வரைக்கும் தெரியாது” என்றார். தந்தையார் அதற்கு இசையவில்லை. வாங்க வந்த இராசிபுரத்துப் பள்ளியாசிரியருக்கு அக்கதவையே முதலிற் காட்டினார். அவர் கீறலைத் தடவிப் பார்த்துச் சிறிது குறைத்தே விலை பேசினார். ஆயினும் மற்றெதனையும் ஐயுற்று வினவவில்லை.

தரகர் கூறியதினும் மிகுதியாகவே பணம் கிடைத்தது. கட்டணத்திற்குச் சிறிது போதாமலும் இருந்தது. அக்குறையை அன்னையாரின் சீட்டுப்பணம் நிறைத்தது. குறித்த நாளில் தமக்கையார் கல்லூரி புகுந்தார்.

உள்ளதை விளங்கச் செய்வது மெருகு. இல்லதை உள்ளதெனக் காட்டுவது பூச்சு. இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாட்டை அகராதியிற் காண்பதற்கு முன்னர், எம் தந்தையார் ஒரு கதவின்முன் நின்று காட்டினார். கட்டுரை எழுதப் புகும் தமிழ் மாணவராகிய எமக்கும் அப்பாடம் உரியதே.