சிவப்பு மாளிகையும் வெள்ளை மாளிகையும்

பருத்தி ஏலம் நடக்கிற நாளில் மல்லசமுத்திரத்துக்குப் போனால், மூட்டைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து நடப்பதே ஒரு வித்தை. அந்த ஊரில் நமக்கு ஒரு பெரியவர் சிநேகம். அறுபது வயதைத் தாண்டிய குடியானவர். "போலீஸ் ஸ்டேஷன் வாசலையும் கோர்ட்டு வாசலையும் இது வரைக்கும் மிதிச்சதில்லைங்க" என்பது அவர் அடிக்கடி சொல்லிக்கொள்ளும் பெருமை.

ஒரு கலியாணத்துக்காகச் சென்னைக்கு வந்திருந்த அவரை, "பட்டணத்தில் எதைப் பார்க்க ஆசை?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் நம்மைத் திகைக்க வைத்துவிட்டது. "பெரிய போலீஸ் ஆபீஸையும் பெரிய கோர்ட்டையும் காட்டுங்க. வழக்கு ஒண்ணும் இல்லாதபோதே பார்த்துட்டா நல்லதுங்களே!" என்றார்.

முதலில் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மெரினாவுக்கு எதிரே, உயர்ந்த தூண்கள் வரிசையாய் நிற்க, வெள்ளை வெளேரென்று விளங்குகிறது தமிழ்நாட்டுப் போலீஸ் தலைமை அலுவலகம். கிரேக்க தேசத்துக் கோயில்களின் சாயலைத் தழுவிய கட்டிடம் அது. விக்டோரியா பட்டமேறி இரண்டே வருஷங்கள் ஆகியிருந்த 1839-ஆம் ஆண்டில், பிரீமேசன் சங்கத்தார் தங்கள் கூட்டங்களை நடத்துவதற்காக அதைக் கட்டினார்கள். பிற்பாடு 1859-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் படை ஏற்பட்டது. அதன் தலைமை அதிகாரிகள் 1860-களில் இந்தக் கட்டிடத்தில் வாடகைக்குக் குடிபுகுந்தார்கள். 1874-இல் சர்க்கார் அதை விலைக்கே வாங்கிவிட்டது.

"போலீஸ்கூட வாடகைக்குக் குடியிருந்ததுங்களா?" என்று பெரியவர் சிரித்தார். அவருடைய பயத்தில் ஒரு வீசம் அப்போதே குறைந்தது என்று நினைக்கிறோம்.

அங்கிருந்து வடக்கே கோட்டையைத் தாண்டி ஹைகோர்ட்டை அடைந்தோம். 1862-இல் ஏற்பட்ட இந்த நியாயஸ்தலம் முப்பது வருஷ காலம் வேறிடத்தில் நடைபெற்றது. இப்போதுள்ள மாளிகையின் வேலை 1888-இல் தொடங்கி, 1892-ஆம் வருஷம் ஜூலை 12-ஆம் தேதி திறப்பு விழா நடந்தது. பிராஸிங்டன் என்பவர் போட்ட படத்தை ஹென்றி இர்வின் திருத்தி அமைத்தார்.

வெள்ளை மாளிகை கிரேக்கத்தைப் பார்த்தது என்றால், இந்தச் சிவப்பு மாளிகை மொகலாய தர்பாரைப் பார்த்தது. செங்கல்லின் சிவப்பு, வெங்காயம் போல் பருத்த கும்மட்டங்கள், ஸ்தூபிகள், வளைவுக்கு மேல் வளைவு! உள்ளே போனால் நீண்ட தாழ்வாரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, புதிதாய் வந்தவரைத் திக்குத் தெரியாமல் அடித்துவிடும். சென்னை வெயிலுக்கு அந்தத் தாழ்வார நிழல் அமிர்தம். வர்ணக் கண்ணாடிகளையும், சித்திரம் தீட்டிய மேல்தளத்தையும் பெரியவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

பிரதான கோபுரத்தின் உச்சியில் 1894 முதல் 1977 வரையில் கலங்கரை விளக்கு எரிந்தது. நடுக்கடலில் போகும் கப்பலுக்கும் வழி காட்டிய நியாயஸ்தலம் உலகத்தில் வேறெங்கும் உண்டோ என்னவோ! 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியபோது, இதன் மதிற்சுவரும் அடிபட்டது. அந்த இடத்தில் ஞாபகக் கல் பதித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு பெரியவர் மெல்லக் கேட்டார்: "ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சொல்லுவாங்க. இம்மாம் பெரிய அம்பலத்திலே அது எப்படீங்க ஏறும்?"

உள்ளே இருந்த சலவைக்கல் சிலையைக் காட்டினோம். அது முத்துசாமி ஐயருடையது. மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கரிடம் வேலை பார்த்த பிள்ளை. பின்னாளில் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி.

பிறகு அவருடைய சொந்தச் சீமைக் கதை ஒன்றைச் சொன்னோம். 1882-இல் சேலத்தில் நடந்த கலகத்தைத் தூண்டினார் என்று சி. விஜயராகவாச்சாரியாருக்குப் பத்து வருஷத் தண்டனை விதித்தார்கள். அவர் சென்னை ஹைகோர்ட்டுக்கு அப்பீல் செய்து குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். அந்த மனிதர்தான் 1920-இல் நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர். அவர் விடுதலையானபோது இந்தச் சிவப்பு மாளிகைக்கு அஸ்திவாரம்கூடப் போடவில்லை. நியாயம் கும்மட்டத்தில் இல்லை, கேட்கிற காதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"சரிங்க, அது வெள்ளைக்காரன் காலம். நம்ம சர்க்காரையே எதிர்த்துப் பேசினா?" என்றார் பெரியவர், விடாமல்.

அதற்கும் பதில் இருந்தது. காலையில் பார்த்தோமே வெள்ளை மாளிகை, அதை இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்ட வேண்டும் என்று 1993-இல் சர்க்கார் முடிவு செய்தது. பழைய கட்டிடங்களைக் காப்பாற்றுவதற்கென்று உள்ள இன்டாக் அமைப்பினர் ஹைகோர்ட்டுக்கு வந்து முறையிட்டார்கள். கோர்ட்டு இடிப்பதைத் தடுத்து நிறுத்தியது. பின்னர் பழுது பார்க்கப்பட்டு, தூண்கள் கம்பீரமாய் நிற்க, அந்த மாளிகை இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போலீஸுக்கே ஒரு சமயம் கோர்ட்டுதான் கூரையைக் காத்துக் கொடுத்தது!

பெரியவர் வெகு நேரம் பேசவில்லை. வெளியே வந்ததும் ஒரு முறை திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார்.

"ஊருக்குப் போய், கோர்ட்டு வாசலை மிதிச்சேன்னு சொல்லலாங்க. தப்பில்லை" என்றார்.