பிளவுண்ட உதடும் கேளாச் செவியும்

"கிரகண வேளையில் வெளியே வந்தாள், அதனாற்றான் பிள்ளைக்கு உதடு பிளந்தது" என்று பெற்றவள்மேற் பழி சுமத்தும் வழக்கம் நம் வன்னி மண்ணில் இன்னும் மாய்ந்தபாடில்லை. கருவின் ஆறாம், ஏழாம் வாரங்களில் மேலுதட்டின் பகுதிகள் இணைதல் வேண்டும். பன்னிரண்டாம் வாரமளவில் அண்ணம் மூடிவிடும். அவ்விணைப்புத் தடைப்படின் பிளவு தோன்றும். பரம்பரையும், சில மருந்துகளும், புகைத்தலும் இதிற் பங்கு கொள்வன; இராகு கேதுவுக்கு இதில் வேலையில்லை. உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று இவ்வாறு நேர்கிறது.

ஆயின், நாம் இங்கு பேச விழைவது அப்பிளவோடு உடன்பிறந்து, கண்ணுக்குப் புலப்படாது நிற்கும் குறைகளைப் பற்றியாகும். உதடு பிளந்து பிறப்போரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு வேறு குறைகளும் உண்டு; அண்ணம் மட்டும் பிளந்தவரிடையே இவ்விகிதம் இன்னும் மிகுதி. கருவில் முகத்தை அமைக்கச் செல்லும் ஒருவகைக் கலங்களே இருதயத்தின் பெருங்குழாய்களை வகுப்பதிலும் ஈடுபடுகின்றன. ஆதலின் முகத்திற் பிளவுள்ள குழந்தையின் இருதயத்தையும் ஆராய்தல் அவசியம். சில குழந்தைகளுக்குக் கீழ்த்தாடை சிறுத்து, நாக்குப் பின்சரிந்து, மூச்சை அடைக்கும். 22 ஆம் நிறமூர்த்தத்தின் சிறு பகுதி இழக்கப்பட்டால் அண்ணக் குறையும் இருதயக் குறையும் கற்றல் இடரும் ஒருங்கே வருதலும் உண்டு.

ஆசிரியராகிய நம்மை நேரே தீண்டுவது செவிக் குறை. அண்ணத்துத் தசையே நடுச்செவிக்குக் காற்றுச் செல்லும் குழாயைத் திறப்பது. அண்ணம் பிளந்தால் அத்தசை செவ்வனே இயங்காது, நடுச்செவியில் நீர் தேங்கும், கேள்வி மங்கும். இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலூரிலிருந்து நம் வகுப்புக்கு வந்த மாணவன் ஒருவனுக்கு உதடும் அண்ணமும் குழந்தைப் பருவத்திலேயே தைக்கப்பட்டிருந்தன. 'மந்தன்' என்பது அவனுக்குக் கிடைத்த பட்டம். நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் விழிப்பான். முகம் நோக்கிப் பேசினால் விடை பகர்வான். செவி வைத்தியரிடம் அனுப்பினோம். இரு செவியிலும் நீர் கட்டியிருந்தது. "சொண்டு சரியாப் போச்சு, இனி ஒண்டுமில்லை எண்டுதானே சொன்னவை, சேர்" என்றார் தாயார். மந்தமாயிருந்தது அவன் அறிவன்று. அவனைச் சோதிக்காது விட்ட சமூகமே.

காலந் தாழ்த்தலின் விலையை இந்நாடு முன்னரே அறியும். மைக்கேல் மார்ஸ் என்னும் பல்வைத்திய நிபுணரைக் கொண்ட பிரித்தானியக் குழு 1984 இல் காலியில் தொடங்கிய பணியின்போது, சத்திரசிகிச்சையே பெறாது வளர்ந்துவிட்டோர் பலரைக் கண்டது. பதின்ம வயதில் அண்ணம் மூடப்பெற்றவர்களின் பேச்சு பெரும்பாலும் திருந்தவில்லை என்பதை 1990 இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. தெற்கிலேயே நிலை இதுவெனின், அதே ஆண்டுகளிற் போருக்குள் அமிழ்ந்த வன்னியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 இல் மீண்டும் மூடுண்டது. 2009 வரை குண்டுக்குத் தப்புவதே நோய்க்கு மருந்தாயிருந்தது.

இன்று வீதி திறந்திருக்கிறது. பிளவோடு பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்தவுடனேயே இருதயமும் தாடையும் செவியும் சோதிக்கப்படல் வேண்டும். பள்ளிப் பருவம் முழுதும் செவிச் சோதனை தொடர்தல் வேண்டும். அதற்காகக் கூலித் தொழிலாளி ஒருவர் தம் நாட்கூலியை இழந்து தொலைதூரம் அலையாதபடி, நிபுணர் சேவை முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் வருதல் வேண்டும். ஆசிரியத் தோழர்களே, அதுவரை பின்வாங்கில் மௌனமாயிருக்கும் பிள்ளையை முன்வாங்கில் அமர்த்துங்கள். முகம் நோக்கிப் பேசுங்கள். அவன் தாயாரை அழைத்துச் செவியைப் பற்றிக் கேளுங்கள்.