இரண்டாம் முறை கேட்டல்

சிலரது வாழ்க்கை முழுவதையும் ஒரே ஒரு பிற்பகல் விழுங்கிவிடுகிறது. நாற்பத்தைந்து ஆண்டுகள் பிரித்தானியக் கடற்படையில் பணியாற்றிய வைஸ் அட்மிரல் ஜார்ஜ் டிரையன் அத்தகையவர். இன்று அவரை நினைப்போர் 1893 ஜூன் 22ஆம் நாளை மட்டுமே நினைக்கின்றனர். அந்த ஒரு நாளை விளங்கிக்கொள்ளவும் முந்தைய ஆண்டுகளை அறிந்தாக வேண்டும் என்பது நம் எண்ணம். ஏனெனில் அன்று நிகழ்ந்தது திறமையற்ற ஒருவரின் பிழையன்று. தம் தலைமுறையிலேயே மிகுந்த திறமுடையவர் எனப் போற்றப்பட்ட ஒருவரின் பிழை.

டிரையன் 1832இல் நார்தாம்டன்ஷையரில் நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். ஈட்டன் பள்ளியில் பயின்று, 1848இல் தம் பதினாறாம் வயதில் கடற்படை புகுந்தார். பதின்மூன்று வயதிலேயே சிறுவர்கள் கப்பலேறிய காலத்தில் அது சற்றுத் தாமதமான தொடக்கமே. கிரிமியப் போரில் செவாஸ்தபோல் முற்றுகையின்போது கரையிறங்கிய கடற்படையினருள் அவரும் ஒருவர். 1861இல், இரும்பினாலேயே உடல் அமைந்த முதல் பெரும் போர்க்கப்பலான ‘வாரியர்’ பணியேற்றபோது அதன் இரண்டாம் நிலை அதிகாரியானார். 1867-68இல் பம்பாயிலிருந்து அபிசீனியாவுக்குப் படை சென்றது. செங்கடலோரத்து அன்னெஸ்லி விரிகுடாவில் அப்படையின் போக்குவரத்துக் கப்பல்களை மேற்பார்க்கும் பொறுப்பு அவருடையது. நல்ல நீரற்ற அக்கரையில் வீரர், குதிரை, கோவேறு கழுதை, யானை என வந்திறங்கிய அனைத்துக்கும் கடல்நீரைக் காய்ச்சி வடித்தே குடிநீர் தர வேண்டியிருந்தது. வெப்பமும் குழப்பமும் மிகுந்த அவ்விடத்தில் அவர் காட்டிய ஒழுங்கு அனைவராலும் பாராட்டப்பெற்றது.

பின்னர்க் கடற்படை அமைச்சரின் தனிச்செயலர், கடற்படைத் தலைமையகத்தின் செயலர், ஆஸ்திரேலியக் கடற்பகுதியின் தளபதி எனப் படிப்படியாக உயர்ந்தார். 1891இல் மத்தியதரைக் கடற்படையின் தலைமைத் தளபதியானார். பிரித்தானியக் கடற்படையில் அதனினும் பெருமைக்குரிய கடற்பொறுப்பு அன்று வேறில்லை.

அங்கே அவர் செய்ய முனைந்த சீர்திருத்தம்தான் நம்மை அவர்பால் ஈர்த்தது. அக்காலக் கப்பல்கள் கொடிச் சைகைகளாலேயே பேசிக்கொண்டன. தளபதியின் கப்பலில் கொடி ஏறும். ஏனைய கப்பல்கள் அதனைக் கண்டு, நூலில் பொருள் தேடி, தாமும் அதே கொடியை ஏற்றி, புரிந்ததெனத் தெரிவிக்கும். தளபதியின் கொடி இறங்கியதும் கட்டளை நிறைவேறும். அமைதிக்காலத்தில் இது அழகாகவே நடந்தது. ஆனால் பீரங்கிப் புகை சூழ்ந்து, கொடிமரங்கள் முறிந்து விழும் போரில் யார் எதைக் காண்பது? டிரையன் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். ‘டி’, ‘ஏ’ என்னும் இரு கொடிகள் ஏறிவிட்டால், அதன்பின் சைகைகளுக்குக் காத்திராமல் தலைமைக் கப்பலின் அசைவைப் பார்த்தே பிற கப்பல்கள் இயங்க வேண்டும். கேப்டன்கள் தளபதியின் உள்ளக்கருத்தை உணர்ந்து தாமே சிந்தித்துச் செயற்பட வேண்டும் என்பதே இதன் சாரம். விக்டோரியா காலத்துக் கடற்படையில் இது துணிச்சலான சிந்தனை.

ஆயின் சிந்திக்கச் சொன்னவரின் இயல்பு வேறாக இருந்தது. டிரையன் உருவத்தாலும் குரலாலும் பிறரை அடக்கியாளும் மனிதர். தம் திட்டங்களை முன்கூட்டிச் சொல்லமாட்டார். எதிர்பாராத ஒரு பயிற்சியில் அதிகாரிகளை இறக்கிவிட்டு, முடிந்தபின் விளக்குவது அவர் வழக்கம். எனவே விளங்காத கட்டளை வரும்போதெல்லாம், ‘இதிலும் ஏதோ நுட்பம் வைத்திருப்பார்’ என்றெண்ணக் கீழுள்ளோர் பழகிவிட்டனர்.

அந்நாள் பிற்பகல், இன்றைய லெபனானின் திரிப்போலி நகரை நோக்கிப் பதினொரு கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. டிரையனின் ‘விக்டோரியா’ தலைமையில் ஆறு கப்பல்கள் ஒரு வரிசை. ரியர் அட்மிரல் ஆல்பர்ட் மார்க்கமின் ‘கேம்பர்டௌன்’ தலைமையில் ஐந்து கப்பல்கள் மற்றொரு வரிசை. இரு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உட்புறமாகத் திரும்பி, வந்த திசையிலேயே மீள வேண்டும் என்பது திட்டம். வரிசைகளுக்கிடையே ஆறு கேபிள் தொலைவு, அதாவது 1200 கஜம். அக்கப்பல்கள் ஒவ்வொன்றும் முழுதாகத் திரும்பக் கொள்ளும் குறுக்களவு ஏறத்தாழ 800 கஜம். இரண்டும் சேர 1600 கஜம். தொடக்கப் பள்ளிக் கணக்குத்தான்.

அந்தக் கணக்கு அங்கிருந்தோர்க்குத் தெரியாமலில்லை. வழிச்செலுத்தும் அதிகாரி ஹாக்கின்ஸ் ஸ்மித், எட்டுக் கேபிளேனும் வேண்டும் என்று முன்னரே எடுத்துரைத்தார், டிரையனும் இசைந்தார். ஆனால் ஏறிய கொடி ஆறு என்றது. ஹாக்கின்ஸ் ஸ்மித் ஐயுற்றதால், சைகை அதிகாரி கில்ஃபோர்டு பிரபு தளபதியிடம் திரும்பச் சென்று கேட்டார். ஆறாகவே இருக்கட்டும் என்பது விடை. கேப்டன் மாரிஸ் பர்க், ‘கேம்பர்டௌன்’ திரும்பும் அளவு 800 கஜம் என்பதை நினைவூட்டினார், விடை மாறவில்லை. மறு வரிசையிலிருந்த மார்க்கம் கட்டளையைக் கண்டு திகைத்து, புரிந்ததெனக் காட்டும் கொடியை முழுதும் ஏற்றாது பாதியில் நிறுத்தி வைத்தார். எதற்காகக் காத்திருக்கிறீர் என்று எல்லோர் முன்னிலையிலும் டிரையனின் சைகை வந்தது. மார்க்கமின் கொடி உடனே உச்சிக்கு ஏறியது. ‘விக்டோரியா’ தம் வரிசையைச் சுற்றிக்கொண்டு வெளிப்புறமாகப் போகும் போலும் என்று தாம் கருதியதாக அவர் பின்னர்ச் சொன்னார். தளபதியின் அறிவில் அவருக்கிருந்த நம்பிக்கை, தம் கண்ணில் இருந்த நம்பிக்கையைவிடப் பெரிது.

இரு கப்பல்களும் திரும்பின. எதிரே வளர்ந்து வரும் ‘கேம்பர்டௌ’னைக் கண்டு, இயந்திரத்தைப் பின்னோக்கி இயக்க பர்க் மீண்டும் மீண்டும் அனுமதி வேண்டினார். அனுமதி கிடைத்தபோது காலம் கடந்திருந்தது. ‘கேம்பர்டௌ’னின் முகப்பில் நீருக்கடியில் இருந்த இடிமுனை ‘விக்டோரியா’வின் வலப்புறத்தைப் பிளந்தது. பதின்மூன்றே நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து மூழ்கியது. டிரையனையும் சேர்த்து 358 பேர் மாண்டனர். எல்லாம் தம் பிழையே என அவர் இறுதியில் கூறியதாக அருகிருந்து உயிர்தப்பியோர் சாட்சி சொன்னார்கள்.

மால்ட்டாவில் கூடிய கடற்படை நீதிமன்றம் டிரையனையே பொறுப்பாக்கியது; பர்க் விடுவிக்கப்பட்டார். மார்க்கம் தம் ஐயத்தை வெளிப்படுத்தாமற் போனதற்கு மன்றம் வருந்தியது. ஆனால் நேரில் இருக்கும் தலைமைத் தளபதியின் கட்டளையை நிறைவேற்றியதற்காக ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது கடற்படையின் நலனுக்கே கேடாகும் என்றும் கூறியது. கேட்டிருக்க வேண்டும், கேளாததும் குற்றமில்லை. நிறுவனங்கள் அனைத்தும் எழுதிவைக்கும் தீர்ப்பு இதுவே அல்லவா?

‘ஒருவரும் கேட்கவில்லை’ என்று இந்நிகழ்ச்சியைச் சுருக்குவோர் உண்டு. அது உண்மையன்று. ஸ்மித் கேட்டார், கில்ஃபோர்டு கேட்டார், பர்க் கேட்டார், மார்க்கமும் தம் கொடியால் கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு முறை கேட்டனர். மறுமொழி கிடைத்ததும் தம் கடமை முடிந்ததென ஒதுங்கினர். பர்க் மறுமுறை கேட்டபோதோ கப்பல்கள் திரும்பத் தொடங்கிவிட்டன. முதல் கேள்விக்கு அறிவு போதும். மேலவர் ‘இல்லை’ என்றபின், அதே கேள்வியை அவர் முகம் பார்த்து மீண்டும் கேட்பதற்கு வேறொன்று வேண்டியிருக்கிறது. தமிழில் ‘இடித்துரைத்தல்’ என்றொரு சொல் இருக்கிறது. உரைத்தல் வேறு, இடித்துரைத்தல் வேறு என்பதை இந்நிகழ்ச்சியே நமக்குத் தெளிவாக்கிற்று.

நாம் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். ஆண்டுதோறும் முதல் வகுப்பில், ‘வினா எழுப்புங்கள்’ என்று மாணவரிடம் சொல்வது வழக்கம். அவர்கள் அதனையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, பாடநூலில் அச்சாகியிருந்த செய்யுளொன்றில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டிருப்பதாகவும், உரையும் அதற்கேற்பப் பிறழ்ந்திருப்பதாகவும் எழுந்து சொன்னாள். வகுப்பு சிரித்தது. நூலகத்தில் பழைய பதிப்பைப் பார்த்து வரும்படி சொன்னோம். பெரும்பாலோர் அத்துடன் விட்டிருப்பர். மறுநாள் அவள் பழைய பதிப்புடன் வந்து, அதே இடத்தில் எழுந்து நின்று, ‘ஐயா, நேற்றுக் கேட்டதையே மறுபடி கேட்கிறேன்’ என்றாள். நூலைப் பிடித்திருந்த கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. அவள் சொன்னதே சரி. அன்று சிரித்த வகுப்பில் அதற்கடுத்த வாரம் இன்னும் இருவர் எழுந்தனர். சிந்திக்குமாறு ஆணையிடுவதால் எவரும் சிந்திப்பதில்லை. இரண்டாம் முறை கேட்டவர்க்குத் தீங்கு நேரவில்லை என்று கண்ணால் கண்ட பின்னரே பிறர் வாய் திறக்கின்றனர். டிரையனின் திட்டத்தில் விடுபட்ட ஒற்று இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது.

அவரோடு அவர் சீர்திருத்தமும் மூழ்கியது. ‘டி ஏ’ முறை பிழையென ஒதுக்கப்பட்டது. அன்றைய விபத்தோ அம்முறையால் நேர்ந்ததன்று, பழைய கொடிச் சைகையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியதால் நேர்ந்தது. ‘விக்டோரியா’வில் காய்ச்சலாய்ப் படுத்திருந்து உயிர்தப்பிய ஜான் ஜெல்லிக்கோ, 1916இல் ஜட்லாண்ட் போரில் பிரித்தானியப் பெரும்படைக்குத் தலைமை தாங்கினார். அவர் வகுத்த போர் ஆணைகள் விரிவானவை, நுணுக்கமானவை. அப்போரில் நான்கு வலிய கப்பல்கள், முன்சென்றவை திரும்புவது தெரிந்தும், உரிய சைகை வந்து சேராமையால் எதிர்த்திசையிலேயே சென்று பின்தங்கின. இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ கோர்டன் 1996இல் விரிவான நூலொன்று எழுதினார்.

மூழ்கிய ‘விக்டோரியா’வை 2004இல் முக்குளிப்போர் கண்டுபிடித்தனர். முகப்புச் சேற்றில் புதைந்திருக்க, பின்புறம் மேல்நோக்கி, அது கடலடியில் செங்குத்தாக நிற்கிறது. முன்பகுதியின் எடையும் மூழ்கிய வேகமும் அதனை அவ்வாறு நிறுத்தின என்பர். டிரையனை வெறும் மூடராகக் கண்டு கடப்பது எளிது, நம்மால் இயலவில்லை. அவர் கண்ட கனவு நல்ல கனவு. அதனைத் தம் முகத்தெதிரே ஒருவர் மெய்ப்பிக்க வந்தபோது, அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.